கூட்டத்தில் இல்லாத ஏழு பேர்



சென்ற ஆண்டு நம் மாணவர் மன்றம் நடத்திய பட்டிமன்றம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "இந்தக் காலத்தில் நேர்மையாக இருந்து பிழைக்க முடியுமா, முடியாதா?" என்பது தலைப்பு. "முடியும்" அணியில் கடைசியாகப் பேசியவன் நான். கைதட்டல் நன்றாகவே விழுந்தது. தீர்ப்பும் எங்கள் பக்கம்தான். நேர்மையானவனுக்கு முதலில் கஷ்டம் வரும், ஆனால் கடைசியில் அவனே ஜெயிப்பான். தப்பு செய்தவன் எப்படியும் மாட்டிக்கொள்வான். என் பேச்சின் சாரம் இவ்வளவுதான். சினிமாவில் மூன்று மணி நேரத்தில் காட்டுவதை நான் ஏழு நிமிடத்தில் சொல்லிவிட்டு இறங்கினேன்.

இறங்கும்போது எதிரணியில் பேசிய மெக்கானிக்கல் நண்பன் என் தோளில் கை போட்டுக் கேட்டான்: "டேய், கடைசியில ஜெயிப்போம்னு தெரிஞ்சா எவன்தான்டா நேர்மையா இருக்க மாட்டான்? தோக்கப் போறோம்னு தெரிஞ்சும் இருப்பியா? அதைச் சொல்லு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு அவன் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் அவன் சரியான இடத்தில்தான் கை வைத்தான். "நேர்மையாக இருந்தால் லாபம்" என்று சொல்லி ஒருவனை நேர்மையாக்கினால், லாபம் இல்லை என்று தெரிந்த அன்றைக்கே அவன் கடையைக் கட்டிவிடுவான். அது பேங்கில் டெபாசிட் போடுவது மாதிரி. வட்டி குறைந்தால் வேறு பேங்குக்குப் போய்விடுவோம். நம் கேள்வி அதுவல்ல. நல்லது செய்தால் நமக்கு நஷ்டம், கெட்டது செய்தால் லாபம், யாருக்கும் தெரியவும் போவதில்லை என்றால் என்ன செய்வது?

இது ஒன்றும் புதிய கேள்வி இல்லை. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்ற நூலில், அவருடைய அண்ணன் கிளாக்கன் ஒரு கதை சொல்கிறார். லிடியா நாட்டில் ஒரு ஆடு மேய்ப்பவன். நிலநடுக்கத்தில் பூமி பிளந்து, அந்தப் பிளவுக்குள் இறங்கிய அவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் கல்லை உள்பக்கம் திருப்பினால் ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டான், வெளிப்பக்கம் திருப்பினால் தெரிவான். அவன் என்ன செய்தான்? அரண்மனைக்குப் போனான், ராணியை வசப்படுத்தினான், ராஜாவைக் கொன்றான், நாட்டைப் பிடித்தான். இப்படி இரண்டு மோதிரம் இருந்து, ஒன்றை நல்லவனிடமும் ஒன்றைக் கெட்டவனிடமும் கொடுத்தால் இரண்டு பேருமே ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள் என்பது கிளாக்கன் வைக்கும் வாதம். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைத்தான் நாம் ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்கிறோமாம். இதற்குப் பதில் சொல்ல பிளேட்டோவுக்கு மீதிப் புத்தகம் முழுவதும் தேவைப்பட்டது.

நம் வள்ளுவர் கேள்வியை இன்னும் இறுக்குகிறார். சுயநலம் என்றால் நமக்கு சொகுசு, பணம், பதவி என்றுதான் தோன்றும். அவர் வினைத்தூய்மை அதிகாரத்தில் அதையெல்லாம் விட்டுவிட்டு, பெற்ற தாயின் பசியை எடுத்துக்கொள்கிறார். அதைக் கண்ணால் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கிற செயலைச் செய்யாதே என்கிறார். உண்மையைச் சொன்னால், படிக்கும்போது இது ரொம்பக் கடுமையாகத்தான் எனக்குப் பட்டது. அம்மா பசியோடு உட்கார்ந்திருக்கும்போது யாராவது குறளைப் புரட்டிக்கொண்டிருப்பார்களா? ஆனால் ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிஜ வாழ்க்கையில் நம்மைத் தப்புப் பண்ண வைப்பது பெரும்பாலும் பேராசை அல்ல, வீட்டுக் கவலைதான். அது வள்ளுவருக்குத் தெரிந்திருக்கிறது.

தத்துவம் போதும். நம் தொழில் பக்கம் வருவோம். டிப்ளமோ படிக்கிற நாம் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவில் 1986 ஜனவரி 27-ஆம் தேதி இரவு நடந்த ஒரு டெலிபோன் கூட்டம் அது.

மறுநாள் காலை 'சேலஞ்சர்' விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போன பயணம். ஓடத்தின் இரண்டு பக்கமும் கட்டியிருக்கும் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்தது மார்ட்டன் தியோகால் என்ற கம்பெனி. ஒவ்வொரு ராக்கெட்டும் ஏறத்தாழ 149 அடி உயரம், 12 அடி விட்டம். அதைத் துண்டு துண்டாகச் செய்து, ஏவுதளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைப்பார்கள். அந்த இணைப்பில் உள்ளேயிருக்கும் தீயும் வாயுவும் வெளியே வராமல் இருக்க இரண்டு ரப்பர் வளையங்கள். அதைத்தான் ஓ-ரிங் என்கிறோம். நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் ஜாக்கைக் கழற்றும்போது பார்த்திருப்பீர்கள். வீட்டில் குக்கர் மூடியில் இருக்கிற கேஸ்கெட் செய்கிற வேலைதான். ஆனால் இங்கே வளையத்தின் கனம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம், சுற்றளவோ ஏறத்தாழ 38 அடி!

ராக்கெட் பற்ற வைத்ததும் உள் அழுத்தத்தால் உறை லேசாகப் புடைக்கும். இணைப்பில் மயிரிழை இடைவெளி விழும். ரப்பர் உடனே துள்ளி விரிந்து அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். 'உடனே' என்றால் ஒரு விநாடிக்குள். இங்கேதான் குளிர் வருகிறது. குளிர்ந்த ரப்பர் விறைத்துப் போகும், துள்ளாது. தியோகால் பொறியாளர்கள் 1985-லேயே இதைச் சோதனை செய்து பார்த்திருந்தார்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (ஏறத்தாழ 38 செல்சியஸ்) ரப்பர் தொடர்பு விடவே இல்லை. 75 டிகிரியில் (24 செல்சியஸ்) 2.4 விநாடி தொடர்பு விட்டுப் பிறகு பிடித்தது. 50 டிகிரியில் (10 செல்சியஸ்) பத்து நிமிடம் காத்திருந்தும் பிடிக்கவில்லை. ஒரு விநாடிக்குள் வேலை செய்ய வேண்டிய பொருள் இது!

இந்தச் சோதனைகளுக்குப் பின்னால் நின்றவர் ரோஜர் போஜொலே என்ற பொறியாளர். 1985 ஜனவரியில், ஒரு குளிர்நாளில் கிளம்பித் திரும்பிய ராக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே கறுப்புப் புகைக்கரி அப்பிக் கிடந்ததை அவர் நேரிலேயே பார்த்தார். முதல் வளையத்தைத் தாண்டி வாயு வந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று இணைப்பின் வெப்பம் 53 டிகிரி, அதாவது ஏறத்தாழ 12 செல்சியஸ். 1985 ஜூலை 31-ல் அவர் தன் மேலதிகாரி பாப் லண்டுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இதை உடனே கவனிக்காவிட்டால் மனித உயிர்கள் போகும் என்று அதில் தெளிவாகவே இருந்தது. ஒரு சிறு குழு போட்டார்கள். ஆள் இல்லை, பொருள் இல்லை, கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த வேலையில் இருந்த பாப் எபெலிங் அக்டோபரில் எழுதிய குறிப்பு "உதவி!" என்ற ஒரே சொல்லில்தான் ஆரம்பிக்கிறது.

ஜனவரி 27 இரவுக்கு வருவோம். ஃபுளோரிடாவில் அன்றிரவு வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை. எபெலிங் அலறியடித்துக்கொண்டு ஏவுதளத்தில் இருந்த தங்கள் கம்பெனி அதிகாரி ஆலன் மெக்டொனால்டுக்குப் போன் செய்தார். அப்படித்தான் அந்தக் கூட்டம் கூடியது. யூட்டாவில் கம்பெனி ஆட்கள், அலபாமாவிலும் ஃபுளோரிடாவிலும் நாஸா ஆட்கள், நடுவே போன் லைன். போஜொலேயும் அவருடைய சக பொறியாளர் ஆர்னி தாம்சனும் படங்களையும் அளவுகளையும் வைத்துப் பேசினார்கள். 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பதுதான் கம்பெனியின் முதல் பரிந்துரை. லண்டும் அதையே சொன்னார்.

நாஸா அதிகாரிகளுக்கு எரிச்சல். அப்படியானால் ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கச் சொல்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். போஜொலே பக்கம் இருந்த ஆதாரம் முழுமையானது அல்ல. 75 டிகிரியில் கிளம்பிய ஒரு ராக்கெட்டிலும் வாயு கசிந்திருந்தது. அப்படியிருக்கக் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்டார்கள். அவர் கண்ணால் பார்த்த கரி வித்தியாசமானது, குளிரில் பல மடங்கு மோசம். ஆனால் அதை எண்ணாக எழுதிக் காட்ட அவரிடம் போதுமான அளவுகள் இல்லை. இத்தனை டிகிரியில் கட்டாயம் உடையும் என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. வழக்கமாக "இது பாதுகாப்பானது என்று நிரூபி, பிறகு ஏவுகிறேன்" என்பதுதான் விதி. அன்று இரவு விதி தலைகீழாகிவிட்டது. "பாதுகாப்பு இல்லை என்று நிரூபி, இல்லாவிட்டால் ஏவுகிறேன்" என்றானது. யாரும் "நாம் இப்போது ஒரு தப்புச் செய்வோமா?" என்று கேட்கவில்லை. எல்லாம் கிராஃப், டிகிரி, அளவு என்றுதான் போய்க்கொண்டிருந்தது. அறம் குறுக்கே வரும் நேரத்தில் அது அறம் என்று போர்டு மாட்டிக்கொண்டு வருவதில்லை போலிருக்கிறது.

கம்பெனிக்கு என்ன கவலை? அந்த ராக்கெட்டுகளை நாஸாவுக்குச் செய்து தந்த ஒரே கம்பெனி தியோகால். வேறு கம்பெனியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று நாஸா யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. பெரிய வாடிக்கையாளரைக் கோபப்படுத்த யாருக்கு மனசு வரும்? ஐந்து நிமிடம் நாங்கள் தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்று லைனை நிறுத்தினார்கள். ஐந்து நிமிடம் அரை மணி ஆனது. தாம்சன் எழுந்து போய், மேலதிகாரிகளின் மேஜையில் காகிதத்தை வைத்து இணைப்பைப் படம் போட்டு மறுபடி விளக்கினார். போஜொலே அந்தக் கரி படிந்த போட்டோக்களை அவர்கள் முன்னால் வைத்தார். யாரும் கேட்கும் நிலையில் இல்லை என்று தெரிந்ததும் இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு நான்கு மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்தார்கள். மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள். லண்ட் மட்டும் தயங்கினார். அவரிடம் தலைமை அதிகாரி ஜெரால்ட் மேசன், உன் என்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியை மாட்டிக்கொள் என்றார். லண்ட் மாட்டிக்கொண்டார். ஏவலாம் என்று பரிந்துரை மாறியது.

லைன் மறுபடி வந்தது. யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று நாஸா பக்கத்திலிருந்து கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. போஜொலேயும்தான். இதை மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். அவ்வளவு போராடிய மனிதர், கடைசிக் கேள்வியில் மௌனமாக இருந்தார்.

பரிந்துரையை எழுத்தில் தா என்று நாஸா கேட்டது. ஏவுதளத்தில் இருந்த மூத்த அதிகாரி என்ற முறையில் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடமாட்டேன் என்றார். நாளை ஏதாவது நடந்தால் விசாரணைக் குழு முன்னால் நின்று நான் ஏன் ஏவச் சொன்னேன் என்று விளக்க எனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னார். அதனால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. யூட்டாவிலிருந்து ஜோ கில்மின்ஸ்டர் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஜனவரி 28, காலை 11.38. ஏவும்போது வெப்பம் 36 டிகிரி, அதாவது 2 செல்சியஸ். போஜொலே பார்க்கவே விரும்பவில்லை, எபெலிங்தான் வற்புறுத்தி டி.வி. முன்னால் உட்கார வைத்தார். ஓடம் ஏவுகோபுரத்தைத் தாண்டியதும் இருவருக்கும் மூச்சு வந்தது. வெடித்தால் ஏவுதளத்திலேயே வெடிக்கும் என்றுதான் பயந்திருந்தார்கள். 73-ஆவது விநாடியில் சேலஞ்சர் சிதறியது. ஏழு பேர். அதில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளிக்கூட ஆசிரியை.

இனி நம் கேள்விக்கு வருகிறேன். பட்டிமன்றத்தில் நான் சொன்னபடி "நல்லவன் கடைசியில் ஜெயித்தானா?"

போஜொலே விசாரணைக் குழுவிடம் தன் குறிப்புகளைக் கொடுத்தார், நடந்ததைச் சொன்னார். கம்பெனியில் அவரை ஒதுக்கினார்கள். ஊரிலும் ஒதுக்கினார்கள். அந்த ஊரில் பலருக்குச் சோறு போட்டது அந்தக் கம்பெனிதான், இவர் ஒரு காலத்தில் அதே ஊரின் மேயராக இருந்தவர்! தூக்கம் போனது, உடம்பு கெட்டது, அதே ஆண்டில் மருத்துவ விடுப்பில் போனவர் திரும்ப அந்த வேலைக்கு வரவில்லை. கம்பெனி மேல் போட்ட வழக்கும் தள்ளுபடி. விசாரணையில் சாட்சி சொல்லி முடித்ததும், குழுவில் இருந்த விண்வெளி வீராங்கனை சாலி ரைட் அவரைக் கட்டியணைத்துக்கொண்டாராம். ஆதரவு காட்டியவர் அவர் ஒருவர்தான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1988-ல் ஒரு விஞ்ஞானச் சங்கம் விருது கொடுத்தது. கல்லூரி கல்லூரியாகப் போய் மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னார். 2012-ல் காலமானார். இதை ஜெயிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெக்டொனால்டையும் முதலில் பதவி இறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் விஷயம் வெடித்ததும் வேறு வழியில்லாமல் திரும்ப உயர்த்தினார்கள். அதே ராக்கெட் இணைப்பைத் திருத்தி அமைக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. 1988 செப்டம்பரில் ஓடங்கள் மீண்டும் பறந்தன. 2011-ல் கடைசி ஓடம் இறங்கும் வரை அந்த இணைப்பு இன்னொரு தடவை கைவிடவில்லை. ஆக, இரண்டு பேரும் நேர்மைதான். ஒருவருக்கு மீண்டும் வாழ்வு கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. இதில் எந்தச் சூத்திரமும் இல்லை. "கடைசியில் ஜெயிப்பாய்" என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

அப்படியானால் எதற்காக அந்த நஷ்டத்தை ஏற்க வேண்டும்? இதை வைத்துப் பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். எனக்குக் கிடைத்த பதில் இது. சரியா என்று நீங்கள் சொல்லுங்கள்.

நல்லது செய்தால் நஷ்டம், செய்யாவிட்டால் லாபம் என்று நாம் கணக்குப் போடும்போது ஒரு வரியை விட்டுவிடுகிறோம். நஷ்டம் எங்கேயும் மறைவதில்லை. நான் அதை ஏற்காவிட்டால் அது இன்னொருவர் தலைக்குப் போகிறது. அன்றிரவு தியோகால் கம்பெனி ஒப்பந்த நஷ்டத்திலிருந்து தப்பித்தது. அந்த நஷ்டம் எங்கே போனது? ஏழு பேரிடம் போனது. அந்த ஏழு பேரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. இப்படி ஒரு கூட்டம் நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. ஏவச் சொல்லி இறுதி உத்தரவு போட்ட உயர் அதிகாரிகளுக்கே பொறியாளர்களின் எதிர்ப்பு போய்ச் சேரவில்லை என்று விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவர் போன் லைனில் இருந்திருந்தால், "ரப்பர் பிடிக்குமா பிடிக்காதா தெரியவில்லை, ஆனால் கிளையண்ட் அவசரப்படுகிறார், நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்" என்று அவரிடம் மேசன் சொல்லியிருப்பாரா?

என் சொந்த நஷ்டத்தை நான் தாங்கலாம், பயந்து ஒதுங்கலாம். அது என் விஷயம். ஒருவன் தன் சொத்தையெல்லாம் தர்மம் பண்ணவில்லை என்று யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் போஜொலே ஆக வேண்டும், பேப்பருக்குப் போக வேண்டும், வேலையை விட வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. குடும்பம் இருப்பவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் நஷ்டத்தை, கேட்காமல் கொள்ளாமல், இன்னொருவன் பெயரில் எழுதுவதற்கு எனக்கு என்ன உரிமை? கிளாக்கனின் மோதிரத்தை மாட்டிக்கொண்டவன் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான் என்பது கதை. நிஜத்தில் நமக்கு அப்படி நடப்பதில்லை. நாம் யாரைப் பாதிக்கிறோமோ அவர்தான் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்.

"நான் போடலன்னா இன்னொருத்தன் போடுவான்" என்று சொல்வோம். மெக்டொனால்ட் விஷயத்தில் அப்படித்தானே நடந்தது? ஆமாம், அவர் போடாததால் ஒரு உயிரும் பிழைக்கவில்லை. ஆனால் பின்னால் விசாரணைக் குழுவின் கூட்டத்தில், பின்வரிசையிலிருந்து எழுந்து நின்று, நாங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தோம் என்று அவரால் சொல்ல முடிந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் எந்த முகத்தோடு எழுந்து நிற்பார்?

இன்னொரு சால்ஜாப்பு, "போன தடவை ஒண்ணும் ஆகலையே!" சேலஞ்சருக்கு முன்னால் 24 பயணங்கள் நல்லபடியாகத் திரும்பின. அதில் பலவற்றில் ரிங் அரித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் "அரித்தும் ஒன்றும் ஆகவில்லை" என்பதே அடுத்த தடவைக்குச் சான்றிதழ் ஆனது.

இனி என் விஷயம்.

சென்ற ஜூனில் ஒரு மாதம் இன்பிளான்ட் டிரெயினிங் போனேன். மூன்று மாடிக் கட்டடம். எந்த ஊர், யாருடையது என்று இங்கே எழுதப் போவதில்லை. தூண் கான்கிரீட் போடும் நாள். கம்பி நெருக்கமாக இருந்ததால் கலவை இறங்கவில்லை. மிக்சரில் தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஸ்லம்ப் கோன் ஷெட்டில் ஆணி போட்டு வைக்க உபயோகமாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் கூடினால் வலிமை என்ன ஆகும் என்று முதல் வருடத்துப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

சூப்பர்வைசர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கியூப்புக்கு அதுல எடுக்காதே. தனியா கையால கலந்துக்கோ. சிமெண்ட் ஒரு சட்டி சேர்த்தே போட்டுக்கோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தினமும் எங்களுக்கு டீயும் வடையும் அவர் காசில்தான். "போன பில்லே இன்னும் பாஸ் ஆகல. சனிக்கிழமை லேபருக்குக் கூலி கொடுக்கணும். ரிசல்ட் குறைஞ்சா எல்லாம் நின்னுடும்" என்றார். அதோடு, "படிப்பு முடிஞ்சதும் நேரா இங்கேயே வந்துடு. முதலாளிகிட்ட சொல்லி மாசம் பதினஞ்சாயிரம் போட்டுத் தர்றேன்" என்றும் சொல்லியிருந்தார். அப்பாவிடம் அதை அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். அப்பா தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார்.

நான் கலந்தேன். 150 மில்லிமீட்டர் அச்சு ஆறு. எண்ணெய் தடவி, மூன்று அடுக்காகப் போட்டு, புத்தகத்தில் இருக்கிறபடி அடுக்குக்கு 35 குத்து குத்தினேன். தூண் 7 முதல் 12 வரை என்று பெயிண்டால் எழுதினேன். பதிவேட்டில் "எடுத்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்து. 20 வர வேண்டிய இடத்தில் 28-ஆம் நாள் 31 வந்தது என்று கேட்டபோது, வெட்கமாக இருக்கிறது சொல்வதற்கு, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்லா குத்தியிருக்கிறேன் என்று!

அதன் பிறகுதான் பட்டிமன்றம். நண்பன் கேட்டபோது வாய் அடைத்தது இதனால்தான்.

அந்தத் தூண்கள் நன்றாகவே இருக்கலாம். டிசைனில் பாதுகாப்புக் காரணி இருக்கிறது, ஒன்றும் ஆகாமலே ஐம்பது வருடம் நிற்கலாம். ஆனால் அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக இருந்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்திருந்தேன்.

பொங்கல் விடுமுறையில் அங்கே போனேன். பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டட உரிமையாளர் சார்பில் மேற்பார்வை பார்க்கும் என்ஜினீயரைப் பார்த்து, 7 முதல் 12 வரை உள்ள கியூப்கள் அந்தத் தூண்களின் கான்கிரீட் இல்லை என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏழு மாசம் கழிச்சு இப்ப எதுக்குத் தம்பி சொல்றீங்க?" என்றார். எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. பதிவேட்டை எடுத்து, பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் நான் சொன்னதை எழுதித் தேதி போடச் சொன்னார். நான்கு வரி எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன். ஹேமர் டெஸ்ட் வைத்துப் பார்க்கிறேன், சந்தேகம் இருந்தால் கோர் எடுக்கலாம் என்றார். பூச்சைத் தொடாதே என்று அந்த ஆறு தூண்களிலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வைத்தார்.

அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் அண்ணனிடமிருந்து போன். திட்டவில்லை. "ஜூன்ல இங்க வர வேணாம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மலர் அச்சாகி வந்ததும் வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்துப் போக வேண்டும். என் கட்டுரை எதில் வந்தாலும் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார்.